பேச்சைத் தொடங்கக் கேள்வியா, கண்ணில் பட்டதா?

லிஃப்டில் முன்பின் தெரியாத ஒருவர், கையில் பூந்தொட்டியோடு நிற்கிறார். “என்ன வேலை பார்க்கிறீர்கள்?” என்று கேட்கலாம், “செடி நன்றாகத் துளிர்த்திருக்கிறதே” என்றும் சொல்லலாம். கேள்வி என்றால் பதில் சொல்லியே ஆகவேண்டும். வேலை இழந்தவருக்கு அது முள்ளாய்க் குத்தும். கண்ணில் பட்டதைச் சொன்னால், அவர் விரும்பினால் பேசலாம், புன்னகையோடு நிறுத்திக்கொள்ளலாம். புதியவர்களிடம் நான் இதையே தேர்ந்தெடுப்பேன்.

ஆனால் பேச்சு தொடங்கிய பிறகு கேள்விக்குத்தான் வலிமை, அதிலும் அவர் சொன்னதிலிருந்தே எழும் கேள்விக்கு. அப்படித் தொடர்ந்து கேட்பவர்களை மற்றவர்களுக்குக் கூடுதலாகப் பிடிக்கிறது என்று 2017-இல் ஹார்வர்டு ஆய்வாளர்களும் கண்டார்கள். “அம்மா வைத்த செடி” என்கிறாரா? “அம்மாவுக்குத் தோட்டம் என்றால் உயிரா?” என்று கேளுங்கள். முகம் மலர்வதைப் பார்க்கலாம். அவசரத்தில் இருப்பவரிடம் மட்டும் வேண்டாம்.