மட்டக்களப்பு றோட்டில் இலேசான அலோய் றிம்: உட்பக்கத்தைப் பாருங்கள்

இலேசான அலோய் (அலுமினியக் கலவை) றிம் நம்முடைய றோட்டுக்குத் தாங்குமா என்று கேட்கிறவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: இப்போது போட்டிருக்கும் றிம்மின் உட்பக்கத்தைக் கடைசியாக எப்போது பார்த்தீர்கள்? பல வருடமாக மட்டக்களப்பில் டொயோட்டா 86 என்கிற ஸ்போர்ட்ஸ் கார் ஓட்டுகிறேன். அச்சில் ஊற்றிய வார்ப்பு றிம், வளையத்தை உருளையால் நீட்டிய ஃபுளோ ஃபோர்ம் றிம், அழுத்தி உருவாக்கிய ஃபோர்ஜ் றிம் என்று மூன்று வகையும் அந்தக் காரில் ஏறி இறங்கிவிட்டன. வெடித்ததும் வளைந்ததும் எல்லாமே உள் விளிம்பில்தான். முகப்பு மட்டும் கடைசிவரை புதிது போலவே இருந்தது.

அதற்குக் காரணம் இருக்கிறது. 86இன் சொந்த றிம் 17 அங்குலம், 7 அங்குல அகலம், ஓஃப்செட் பிளஸ் 48 மில்லிமீட்டர், அதாவது காரின் ஹப்பில் பொருந்தும் முகம் றிம்மின் நடுக்கோட்டிலிருந்து அவ்வளவு வெளியே தள்ளியிருக்கிறது. கணக்குப் பார்த்தால் ஹப்பில் பொருந்தும் இடத்திலிருந்து வெளி விளிம்புக்குச் சுமார் 4 சென்ரிமீட்டர், உள் விளிம்புக்குச் சுமார் 14 சென்ரிமீட்டர். ஸ்போக் எல்லாம் வெளிப்பக்கமாகத்தான் போய்ச் சேருகின்றன. உட்பக்கத்தில் இருப்பது தாங்க ஆளில்லாத வெறும் வளையம். போதாததற்குக் காரைத் தாழ்த்திக் கேம்பரை (சில்லு உள்நோக்கிச் சாயும் சாய்வை) கூட்டினால் றோட்டுக் கிடங்கின் (குழியின்) ஓரம் முதலில் இடிப்பதும் அந்த உள் விளிம்பையே.

சோதனை பாஸ் பண்ணிய றிம் என்பார்கள். நல்லதுதான், ஆனால் எந்தச் சோதனை என்று பார்க்க வேண்டும். ஐ.எஸ்.ஓ. 7141 மோதல் சோதனையில் சில்லை 13 பாகை சாய்த்து வைத்து, 230 மில்லிமீட்டர் உயரத்திலிருந்து பாரத்தை விளிம்பில் விழுத்துகிறார்கள். நடைபாதைக் கல்லில் பக்கவாட்டாக இடிப்பதற்கு ஒப்பான சோதனை அது. அடி விழுவது முகப்பு விளிம்பில். நம்முடைய கிடங்குகள் அடிக்கிற இடம் வேறு.

கொழும்புக்காரர் நினைப்பது போல நம்முடைய பெரிய வீதிகள் மோசமில்லை. கல்லடியிலிருந்து காத்தான்குடி, களுவாஞ்சிகுடி, கல்முனை, அக்கரைப்பற்று என்று ஏ4 வீதி தட்டையாகவும் காப்பெற் போட்ட வழுவழுப்பான தாராகவும் போகிறது. கஷ்டம் அதை விட்டு இறங்கும்போதுதான். கார்த்திகை, மார்கழி மழையில் உள் வீதிகளில் தண்ணீர் நிற்கும். கிடங்கு அரை அடியா அரை அங்குலமா என்று தெரியாது. வேளாண்மைக் காலத்தில் உழவு இயந்திரங்கள் இரும்புச் சில்லோடு ஏறி இறங்கித் தார் ஓரத்தைக் கடித்து வைத்திருக்கும். எதிரில் பஸ் வரும்போது அந்த ஓரத்தில் இடப்பக்கச் சில்லு இறங்கி ஏற வேண்டும். மண்முனைப் பாலம் தாண்டிக் கொக்கட்டிச்சோலைப் பக்கம் போகிறவர்களுக்கும், ஏறாவூர், வாழைச்சேனைப் பக்கம் புகையிரதக் கடவைகளைக் கடக்கிறவர்களுக்கும் நான் சொல்வது விளங்கும்.

கார் என் கைக்கு வந்தபோது முன்னைய உரிமையாளர் போட்டிருந்த 18 அங்குல வார்ப்பு றிம் அதில் இருந்தது. ஜப்பான் றிம் ஒன்றின் டிசைனைப் பார்த்து ஊர் பெயர் தெரியாத எவரோ வார்த்தது. முன் இடப்பக்க டயரில் காற்று மெல்ல மெல்ல இறங்கியது. டயர் கடையில் வால்வை மாற்றினார்கள், ஆணி தேடினார்கள், ஒன்றும் கிடைக்கவில்லை. கடைசியில் கடைக்காரர் சில்லைத் தொட்டிக்குள் அமிழ்த்திப் பிடித்தார். “தம்பி, டயருல ஒண்டும் இல்ல. காத்து றிம்முக்குள்ளால போகுது, இஞ்ச பாருங்க” என்றார். உள் விளிம்பிலிருந்து நடு நோக்கி, பிரேக் கரி படிந்த, மயிர் அளவான கறுப்புக் கோடு ஒன்று. அதன் வழியாக வரிசையாகக் குமிழி வந்தது. கரியைத் துடைத்ததும் கோடு கண்ணுக்கே தெரியவில்லை. நகத்தை வைத்து இழுத்தால் மட்டும் தட்டுப்பட்டது.

வெல்டிங் பண்ணி ஒட்டித் தரலாம் என்று பலர் சொன்னார்கள். நான் ஒட்டவில்லை, யாருக்கும் ஒட்டச் சொல்லவும் மாட்டேன். றிம்முக்குப் பயன்படுத்தும் அலுமினியத்துக்குப் பலம் வருவது டீ6 என்கிற வெப்பப் பதத்தால். சூடாக்கி, சட்டென்று குளிர்த்தி, பிறகு 160, 170 பாகை செல்சியஸ் அளவில் மணிக்கணக்காக வைத்து எடுப்பார்கள். வெல்டிங் சூடு அந்தப் பதத்தைக் கெடுத்துவிடும். ஒட்டிய இடம் நின்றுவிடும், அதற்குப் பக்கத்து இடம் மிருதுவாகிப் போகும். அடுத்த வெடிப்பு அங்கிருந்துதான் தொடங்கும். முன் சில்லில், ஓட்டத்தில், இந்த விஷப்பரீட்சை தேவையில்லை.

பௌடர் கோட்டிங் என்கிற பொடிப் பூச்சும் இதே கதைதான். 180 முதல் 200 பாகை சூட்டில் அதை வேக வைக்கிறார்கள். பதப்படுத்திய சூட்டை விட அது கூட. அதற்கு முன் மணல் அடிப்பதால் சின்ன வெடிப்புகளும் மூடுண்டு போகும். பழைய றிம் வாங்கப் போகும் இடத்தில் பளபளவென்று புதுப் பூச்சு இருந்தால் எனக்குச் சந்தோஷம் வருவதில்லை, சந்தேகம்தான் வருகிறது.

ஃபுளோ ஃபோர்ம் 17 பற்றி அதிகம் சொல்ல இல்லை. நடுப்பகுதி வார்ப்பு, வளையத்தை மட்டும் சூடாக்கி உருளையால் அழுத்தி நீட்டுகிறார்கள். என்கேய் நிறுவனம் இதற்கு மாட் என்று பெயர் வைத்திருக்கிறது. விலைக்கு நல்ல சாமான். என்னிடம் இருந்த செட் ஒரு மாரி முழுக்க ஒரு சின்ன வளைவோடு தப்பியது. முகப்பு வார்ப்புத்தான் என்பதை மட்டும் மறக்காமல், நட் துளைகளைச் சுற்றியும் ஸ்போக்கின் அடியிலும் அடிக்கடி பார்த்துக்கொண்டிருந்தேன்.

இப்போது ஓடுவது ஜப்பானிலிருந்து பழையதாக வந்த ஃபோர்ஜ் 17. சந்திவெளிக்குக் கிட்ட, இரவில், நடு றோட்டில் படுத்திருந்த மாட்டைத் தவிர்க்க ஒதுக்கியபோது தார் ஓரத்தில் பலமாக விழுந்தது. சத்தத்தைக் கேட்டு றிம் போய்விட்டது என்றே நினைத்தேன். கழற்றிப் பார்த்தால் உள் விளிம்பு கொஞ்சம் தட்டையாகியிருந்தது, அவ்வளவுதான். காற்று இறங்கவில்லை. நான் ஃபோர்ஜுக்குக் காசு கொடுப்பது இதற்காகத்தான். அழுத்தி உருவாக்கிய 6061 என்கிற வகை அலுமினியம் உடைவதற்கு முன் கணிசமாக நீளும், வளைந்து கொடுக்கும். வார்ப்பு அலுமினியத்துக்கு அந்த நீட்சி குறைவு. வளைய வேண்டிய இடத்தில் வெடித்துவிடும்.

ஆகவே இலேசு என்பது தானாகக் குற்றமில்லை. ஜப்பானின் ரேஸ் (Rays) நிறுவனம் 1996இல் கொண்டுவந்த டீ.ஈ.37 என்கிற ஃபோர்ஜ் றிம்மின் பெயரிலுள்ள 37, 15 அங்குல றிம்மின் 3.7 கிலோ நிறையைக் குறிப்பது. அந்த இலேசு ஃபோர்ஜிங்கால் வந்தது. அதன் ஆறு ஸ்போக்கைப் பார்த்து வார்க்கிறவர்களுக்கு இரண்டே வழி: ஒன்று நிறையைக் கூட்ட வேண்டும், அல்லது பலத்தைக் குறைக்க வேண்டும். ஜே.டபிள்யூ.எல்., வீ.ஐ.ஏ. என்கிற ஜப்பானிய றிம் தர முத்திரைகள் இருக்கிறதா என்று பாருங்கள். ஆனால் முத்திரையையும் சேர்த்து வார்க்கிறார்கள், அதனால் விற்கிறவரின் நம்பகத்தையும் பார்க்க வேண்டும்.

கடற்காற்று வெடிப்பை விட மெதுவான வேலைக்காரன். கல்லடிப் பக்கம் வீடு உள்ளவர்களுக்கு டயர் உட்காரும் விளிம்பில் வெள்ளைப் பொடி பூக்கும், அதனாலும் காற்று இறங்கும். டயர் மாற்றும் ஒவ்வொரு தடவையும் அந்த இடத்தைச் சுத்தம் செய்யச் சொல்லுங்கள். அந்த நேரமே உட்பக்கத்தை டோர்ச் அடித்துப் பார்க்க நல்ல நேரம்.

நான் விடாமல் செய்கிற வேறு இரண்டு வேலை: காற்றைக் குளிர்ந்த டயரில் 35 பீ.எஸ்.ஐ.க்குக் கீழே விடுவதில்லை. நட்டை இம்பாக்ட் கன்னால் (காற்றில் இயங்கும் இறுக்கியால்) இறுக்க விடாமல், இறுக்கத்தை அளந்து காட்டும் டோர்க் ரென்சால் 120 நியூட்டன் மீட்டருக்கு இறுக்குகிறேன்.

இனி அளவு. 215/40ஆர்18 டயரின் பக்கச் சுவர் 86 மில்லிமீட்டர். 215/45ஆர்17இல் அது 97. ஆரம்ப கிரேட் 86கள் சிலவற்றில் வந்த 205/55ஆர்16இல் 113. எந்தக் கம்பனி றிம் என்பதை விட இந்த மில்லிமீட்டர்கள்தான் கிடங்கில் கை கொடுக்கும். 18 அழகுதான், மறுக்கவில்லை, ஆனால் மாரியில் வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரைக்கு அதைக் கொண்டு போக எனக்கு மனம் வராது. இருக்கும் டயர் தேய்ந்ததும் 16க்கு இறங்கப் போகிறேன். முன் பிரேக் கலிப்பருக்கும் ஸ்போக்குக்கும் இடையில் இடைவெளி போதுமா என்று பார்க்க வேண்டும், அதனால் றிம்மைக் காரில் மாட்டிச் சுற்றிப் பார்க்க விடுகிறவரிடம் மட்டும்தான் வாங்குவேன்.