மகிற்றா 300ஆ, 1002ஆ?

பரந்தனில் கராச் வைத்திருக்கும் மச்சான் பற்றரி இம்பக்ற், அதாவது நட்டுகளைத் தட்டித் தட்டி இறுக்கிக் கழற்றும் மெஷின், ஒன்று வாங்கவேண்டும் என்றான். தெரிவு இரண்டில் வந்து நின்றது: மகிற்றா டிடிடபிள்யூ 300, டிடிடபிள்யூ 1002. இரண்டும் 18 வோல்ற், நட்டைப் பிடிக்கும் சொக்கெற்றைக் கொழுவும் முனை அரை இஞ்சி. ஒரே பற்றரியைப் போடலாம்.

முதலாவது 330 நியூட்டன் மீற்றர் (முறுக்கு விசையின் அளவு) வரை இறுக்கும், கழற்றும்போது 580. மற்றது இறுக்க 1000, கழற்ற 1600. ஆனால் ரொயோட்டா காரின் சில்லு நட்டுக்குத் தேவை 103தான். கார், வான் என்றால் சின்னதே தாராளம். பாரமும் ஏறக்குறையப் பாதி. காருக்கடியில் மல்லாந்து கிடந்து ஒரு கையால் பிடிக்கும்போது அது விளங்கும்.

சரி, பெரியது எதற்கு? முல்லைத்தீவுக் கரைப்பக்கம் ஓடும் வாகனங்களின் கீழ் போல்ற்றுகள் உப்புக்காற்றில் துருவேறி, செதில் செதிலாக உதிர்ந்து, எந்தச் சொக்கெற் பொருந்தும் என்றே தெரியாமல் கிடக்கும். ஹொண்டா எஞ்சினின் கிராங் கப்பியைப் பிடித்திருக்கும் போல்ற்றும் லேசில் அசையாது. அங்கே சின்னது டக்டக்கென்று தட்டிக்கொண்டே நிற்கும். பெரியது கழற்றிவிடும், சிலவேளை முறித்தும் விடும். உழவு மெஷினும் பார்ப்பவர்கள் யோசிக்கவே வேண்டாம், பெரியதுதான்.

பெரியதால் சில்லு இறுக்குவதென்றால் எனக்குப் பயம். ஒரு கராச்சில் என் வானுக்கு அப்படி இறுக்கி, நட்டுப் பூட்டும் ஸ்ரட் இரண்டு போனது. எதை வாங்கினாலும் கடைசி இறுக்கம் அளவு வைத்து இறுக்கும் ரோர்க் ரென்ஞ்சால்தான். அப்புறம், கறுப்பு இம்பக்ற் சொக்கெற்றே போடுங்கள். குரோம் சொக்கெற் அந்தத் தட்டலில் வெடித்துப் பிளக்கலாம்.

மச்சான் சின்னதை எடுத்தான். துருப்பிடித்ததுக்கு, ரென்ஞ்சின் பிடியில் கொழுவி நெம்ப அவனிடம் நாலடிக் குழாய் இருக்கிறது.