ஒரு விசைப்பலகை, ஒரு மவுஸ், இரண்டு திரைகள், இரண்டு கணினிகள்: நீண்டகாலப் பாவனை அனுபவம்

நான் திருகோணமலை உப்புவெளியில் வீட்டிலிருந்தே வேலை செய்கிறேன். பகலில் கொழும்பு நிறுவனமொன்று தந்துள்ள மடிக்கணினியிலும், மாலை வேளைகளில் என் சொந்த மேசைக்கணினியிலும் வேலை நடக்கும். சொந்தக் கணினியில் பாடசாலைகளின் ஆண்டு மலர், கோயில்களின் கும்பாபிஷேக மலர் போன்றவற்றுக்குப் பக்க வடிவமைப்புச் செய்வதால், ஒரு திரையில் பக்கமும் மறு திரையில் கட்டுரையின் மூலப்படியும் எப்போதும் திறந்திருக்க வேண்டும். அலுவலக வேலைக்கும் இரண்டு திரைகள் இல்லாமல் முடியாது. ஆனால் மேசையில் நான்கு திரைகளுக்கு இடமும் இல்லை, அதற்கான பணத்தைச் செலவிடுவதில் நியாயமும் இல்லை. எனவே 27 அங்குல 4கே (3840 × 2160) திரை ஒன்றும், 24 அங்குல 1920 × 1080 திரை ஒன்றும், ஒரு விசைப்பலகையும், ஒரு மவுஸும் இரு கணினிகளுக்கும் பொதுவாகச் சில ஆண்டுகளாகப் பாவனையில் இருந்து வருகின்றன. இதற்கென உள்ள வெவ்வேறு வழிகளைப் பாவித்த பின் எனக்கு உறுதியாகத் தெரிந்த ஒன்றை முதலிலேயே சொல்லி விடுகிறேன்: நாம் ஒரு கணினியில் வேலை செய்யும்போது, பின்னணியில் இருக்கும் மற்றக் கணினி தன் திரைகள் இன்னும் இணைப்பிலேயே இருப்பதாக நினைக்கிறதா, கழற்றப்பட்டு விட்டதாக நினைக்கிறதா என்பதுதான் இந்த ஏற்பாடு நிம்மதி தருமா தொல்லை தருமா என்பதைத் தீர்மானிக்கிறது. விலை, வேகம், பெட்டியின் தோற்றம் எல்லாம் அதற்குப் பிறகுதான்.

வலையமைப்பு வழியாக இயங்கும் மென்பொருள்களைப் பலர் முதலில் பரிந்துரைப்பார்கள். மைக்ரோசொஃப்ட்டின் மவுஸ் விதவுட் போர்டர்ஸ் 2023 முதல் விண்டோஸுக்கான பவர்டோய்ஸ் என்ற இலவச மென்பொருள் தொகுப்பிலேயே கிடைக்கிறது. சினேர்ஜியும், அதிலிருந்து கிளைத்த பாரியர், இன்புட் லீப் போன்றவையும் நெடுங்காலமாகப் பாவனையில் உள்ளன. இவை நல்ல மென்பொருள்கள். ஆனால் இவை பகிர்வது விசைப்பலகையையும் மவுஸையும் மட்டுமே, திரைகளை அல்ல. ஒவ்வொரு கணினிக்கும் தனித்தனித் திரை உள்ளவர்களுக்கே இவை முழுமையாகப் பொருந்தும். மேலும் இரு கணினிகளிலும் நிறுவ வேண்டும் என்பதால், நிறுவனம் பூட்டித் தந்த மடிக்கணினிக்கு இவை உதவா. அனுமதி கிடைத்தாலும், அலுவலக வலையமைப்புடன் பாதுகாப்பாக இணைக்கும் வி.பி.என். இயங்கும்போது வீட்டு வலையமைப்பிலுள்ள ஏனைய கருவிகளுடனான தொடர்பு பல இடங்களில் துண்டிக்கப்பட்டு விடும்.

அடுத்தது கே.வி.எம். சுவிட்ச் எனப்படும் பெட்டி. பொத்தானை அழுத்தினால் விசைப்பலகை, மவுஸ், திரை மூன்றையும் ஒரு கணினியிலிருந்து மற்றதற்கு மாற்றித் தருவது இது. இதைத்தான் நான் மிக நீண்ட காலம் பாவித்தேன். இரண்டு திரைகளுக்கான பெட்டி வேண்டும் என்பதைக் கடையில் தெளிவாகச் சொல்ல வேண்டும். “அண்ணா, ரெண்டு கம்பியூட்டர் எண்டு போட்டிருந்தா அது ரெண்டு மொனிட்டருக்கு எண்டு நினைச்சிடாதேங்கோ” என்று கடைத் தம்பி எடுத்துச் சொன்னது சரியான எச்சரிக்கை. இரு கணினிகள், இரு திரைகள் என்றால் கணினிகளிலிருந்து பெட்டிக்கு நான்கு வீடியோ கேபிள்களும், பெட்டியிலிருந்து திரைகளுக்கு இரண்டும், கணினி ஒவ்வொன்றுக்கும் ஒரு யு.எஸ்.பி. கேபிளும் தேவை. கனமான கேபிள்கள் பின்னால் இழுப்பதால் எடை குறைந்த பெட்டி மேசையில் நிற்காது. நான் அதை மேசையின் அடிப்பலகையில் திருகாணி கொண்டு பொருத்தி, பொத்தானை மட்டும் கைக்கு எட்டும்படி வைத்தேன்.

திரையும் கணினியும் பேசிக்கொள்ளும் விதத்தை இங்கே சற்று விளக்க வேண்டும். ஒவ்வொரு திரையிலும் அதன் தயாரிப்பாளர், மாதிரி, ஏற்கும் தெளிவளவுகள் முதலியவற்றைச் சொல்லும் 128 பைட் அளவிலான தகவல் தொகுதி ஒன்று இருக்கிறது. ஈ.டி.ஐ.டி. எனப்படும் இது 1994 முதல் வழக்கில் உள்ளது. புதிய திரைகளில் இதனுடன் மேலதிகத் தொகுதிகளும் சேர்ந்திருக்கும். கணினி இதைப் படித்த பின்னரே திரைக்குப் படத்தை அனுப்புகிறது. விலை குறைந்த கே.வி.எம். பெட்டியில் பொத்தானை அழுத்தியவுடன் பழைய கணினிக்கு இந்தத் தகவல் நின்று விடுகிறது. விண்டோஸ் உடனே இரு திரைகளும் போய்விட்டன என்று முடிவு செய்து, திறந்திருந்த சாளரங்கள் அனைத்தையும் மடிக்கணினியின் சொந்தத் திரைக்குள் அள்ளிப் போட்டு விடும். திரும்பி வரும்போது மின்னஞ்சல் ஒரு மூலையிலும், விரிதாள் சுருங்கியும், கூட்டத்துக்கான சாளரம் எதற்கோ பின்னாலும் கிடக்கும். விண்டோஸ் 11 இல் திரை இணைப்பைப் பொறுத்துச் சாளரங்களின் இடங்களை நினைவில் வைக்கும் அமைப்பு இருக்கிறது; அது பெருமளவு உதவுகிறது என்றாலும், 4கே திரைக்கும் சாதாரணத் திரைக்கும் வெவ்வேறு உருப்பெருக்கம் வைத்திருக்கும் என் போன்றவர்களுக்குச் சில சாளரங்கள் பழைய அளவுக்குத் திரும்புவதில்லை.

தரமான பெட்டிகள் இந்தத் தகவலைத் தாமே சேமித்து வைத்து, பின்னணியிலிருக்கும் கணினிக்குத் திரை இன்னும் இருப்பதாகத் தொடர்ந்து சொல்லிக்கொண்டிருக்கும். ஈ.டி.ஐ.டி. எமுலேஷன் என்று விவரக் குறிப்பில் எழுதப்பட்டிருந்தால் அந்தப் பெட்டிக்கு இந்த வசதி உண்டு. எல்லா வாயில்களுக்கும் அது உண்டா, ஒரு திரைக்கு மட்டுமா என்பதையும் கேட்டுப் பார்க்க வேண்டும். இந்த ஒரு வசதிக்காகக் கூடுதல் பணம் கொடுப்பதை நான் முழு மனதோடு ஆதரிக்கிறேன்.

தெளிவளவு பற்றிய கணக்கையும் வாங்குமுன் பார்க்க வேண்டும். 1920 × 1080 திரைக்கு 60 ஹேர்ட்ஸில், அதாவது வினாடிக்கு 60 முறை படத்தைப் புதுப்பிக்க, வினாடிக்கு ஏறத்தாழ 4.5 ஜிகாபிட் போதும். எந்தப் பெட்டியும் அதைத் தாங்கும். 4கே திரைக்கு 60 ஹேர்ட்ஸ் வேண்டுமெனில் அது ஏறத்தாழ 18 ஜிகாபிட் ஆகிறது, எச்.டி.எம்.ஐ. என்ற வீடியோ இணைப்பு வழியாயின் அதற்கு 2.0 தரம் அவசியம். 1.4 தரத்தின் உச்சம் 10.2 ஜிகாபிட் மட்டுமே என்பதால் அத்தகைய பெட்டியில் 4கே படம் 30 ஹேர்ட்ஸில்தான் வரும். அட்டையில் 4கே என்று பெரிதாக அச்சிட்டிருப்பதைப் பார்த்து வாங்கியவருக்கு, மவுஸ் குறி திரையில் விட்டு விட்டு நகர்வதைக் கண்ட பின்னரே இது தெரியவரும். கேபிள் நீளத்தைக் கணக்கிடும்போது கணினியிலிருந்து பெட்டி வரையும், பெட்டியிலிருந்து திரை வரையும் உள்ள இரு பகுதிகளையும் சேர்த்தே பார்க்க வேண்டும். 4கே திரை காரணமின்றி ஒரு கணம் கறுத்துப் போய் மீண்டால் முதலில் கேபிளை மாற்றிப் பார்ப்பது நல்லது.

தமிழில் தட்டச்சுச் செய்வோருக்கு கே.வி.எம். முறை ஒரு பெரிய நன்மையைத் தருகிறது. பெட்டி வழியாகச் செல்வது எந்த இடத்திலுள்ள விசை அழுத்தப்பட்டது என்ற செய்தி மட்டுமே; அதை எழுத்தாக்குவது அந்தந்தக் கணினி. ஆகவே சொந்தக் கணினியில் தமிழ்99, ரெங்கநாதன், பாமினி என எந்த முறை இருந்தாலும், அலுவலகக் கணினியில் ஆங்கிலம் மட்டுமே இருந்தாலும், ஒன்று மற்றதைக் குழப்புவதில்லை. வலையமைப்பு மென்பொருள்கள் சிலவற்றில் உருவான எழுத்தையே அனுப்புவதால் தமிழ் விசைமுறை இயங்கும்போது மறுபக்கம் தடுமாறுகிறது. ஆனால் பெட்டியின் விசைப்பலகை வாயிலில் ஒரு குறை உண்டு. ஸ்க்ரோல் லொக் விசையை இரு முறை தட்டிக் கணினி மாற்றும் வசதிக்காக, பல பெட்டிகள் விசைப்பலகையைத் தாமே வாசித்துப் பின் கணினிக்கு ஒரு பொதுவான விசைப்பலகையாக நடித்துக் காட்டுகின்றன. இதனால் ஒலியளவு விசைகளும் மவுஸின் கூடுதல் பொத்தான்களும் சில வேளை செயலிழந்து விடும். சிறிய விசைப்பலகைகளில் ஸ்க்ரோல் லொக் விசையே இல்லாததையும் கவனிக்க வேண்டும். விசைப்பலகை, மவுஸ் இரண்டையும் பெட்டியின் சாதாரண யு.எஸ்.பி. வாயிலில் செருகினால் எல்லாம் முழுமையாக வேலை செய்யும். மாற்றுவதற்குப் பொத்தானை அழுத்த வேண்டியிருக்கும், அவ்வளவுதான்.

அதே யு.எஸ்.பி. வாயில்களில் வெளி வன்தட்டைச் செருகுவது கூடவே கூடாது. பொத்தானை அழுத்துவது, எழுதிக்கொண்டிருக்கும் வன்தட்டைக் கையால் பிடுங்குவதற்குச் சமம். கம்பியில்லா மவுஸ் பாவிப்போர் அதன் சிறு ரிசீவரை யு.எஸ்.பி. 3.0 வாயிலுக்கு அருகே வைக்காமல் ஒரு நீட்டிப்புக் கேபிளில் தள்ளி வைக்க வேண்டும், 3.0 இணைப்புகளின் இரைச்சல் 2.4 ஜிகாஹேர்ட்ஸ் அலைவரிசையில் குறுக்கிட்டு மவுஸைத் திணற வைக்கும்.

நம் ஊரின் நிலைமைகள் இரண்டை இங்கே சேர்க்க வேண்டும். முதலாவது மின்சாரம். 2022 இல் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்த காலத்தை எவரும் மறந்திருக்க மாட்டார்கள். இன்றும் காற்று, மழை நேரங்களில் மின்சாரம் நின்று நின்று வருவது வழக்கம். மடிக்கணினி தன் பற்றரியில் தொடர்ந்து இயங்கினாலும், பெட்டி தனி அடாப்டரில் இயங்குவதாக இருந்தால் விசைப்பலகையும் மவுஸும் அந்தக் கணமே இறந்து விடும். ஆகவே பெட்டியின் அடாப்டரையும் இரு திரைகளையும் யூ.பி.எஸ். இலேயே இணைத்திருக்க வேண்டும். இரண்டாவது உப்புக் காற்று. வாடைக்காற்று மாதங்களில் கடலை நோக்கிய யன்னலைத் திறந்து வைத்தால், எச்.டி.எம்.ஐ. செருகியின் வெளித் தகட்டில் மண்ணிறப் புள்ளிகள் மெல்லப் பரவுவதைக் காணலாம். செருகி இறுகிப் போய், கழற்றும்போது கரகரப்பாக வரும். கே.வி.எம். முறையில் இணைப்பு முனைகளின் எண்ணிக்கை கூடுவதால் பழுதுபடக்கூடிய இடங்களும் கூடுகின்றன. ஐசோப்ரோபைல் அல்ககோல் தொட்ட துணியால், எல்லாக் கருவிகளையும் அணைத்து விட்டு, அவ்வப்போது துடைத்து வருகிறேன்.

இப்போது நான் பாவிப்பது வேறொரு முறை. இரு கணினிகளிலிருந்தும் கேபிள்கள் நேராகத் திரைகளுக்கே செல்கின்றன. ஒவ்வொரு திரையிலும் இரண்டு வாயில்கள் நிரம்பியுள்ளன. விசைப்பலகைக்கும் மவுஸுக்கும் மட்டும் ஒரு சிறிய யு.எஸ்.பி. சுவிட்ச். திரைகளை மாற்றுவதற்கு டி.டி.சி./சி.ஐ. என்ற வழி இருக்கிறது. வீடியோ கேபிள் வழியாகவே கணினி திரைக்குக் கட்டளை அனுப்ப உதவும் இந்த நியமம் 1998 முதல் இருந்து வருகிறது. ஒளிர்வை மாற்றுவது போலவே உள்ளீட்டையும் இதன் மூலம் மாற்றலாம். டிஸ்ப்ளே ஸ்விட்ச் என்ற இலவச மென்பொருள், குறிப்பிட்ட யு.எஸ்.பி. கருவி வந்தாலோ போனாலோ இந்தக் கட்டளையைத் தானாக அனுப்புகிறது. லினக்ஸில் டி.டி.சி.யூட்டில் என்ற கருவியும் உண்டு. டிஸ்ப்ளே ஸ்விட்சை என் சொந்தக் கணினியில் மட்டும் நிறுவியிருக்கிறேன். யு.எஸ்.பி. சுவிட்சின் பொத்தானை அழுத்தினால், விசைப்பலகை தன்னை விட்டுப் போனதைச் சொந்தக் கணினி கண்டுகொண்டு, இரு திரைகளையும் மடிக்கணினியின் வாயிலுக்குத் திருப்புகிறது. திரைகள் ஒன்றன்பின் ஒன்றாக இரண்டொரு வினாடியில் மாறுகின்றன.

திரும்பி வருவதுதான் சற்றுக் கடினம். அப்போது திரைகள் மடிக்கணினியின் படத்தைக் காட்டிக்கொண்டிருக்கும். மறுவாயிலிலிருந்து வரும் கட்டளையைக் கேட்பதா விடுவதா என்பது திரைக்குத் திரை வேறுபடுகிறது. என் 4கே திரை கேட்கிறது. 24 அங்குலத் திரை கேட்பதில்லை. அதன் கீழ்விளிம்பிலுள்ள பொத்தானை இரு முறை அழுத்தி நானே மாற்ற வேண்டியிருக்கிறது. மடிக்கணினியிலும் அந்த மென்பொருளை நிறுவ முடிந்திருந்தால் இந்தத் தடை இராது. ஆயினும் இந்த முறையைவிட்டு மீண்டும் பெட்டிக்குப் போக எனக்கு விருப்பமில்லை. எச்.டி.எம்.ஐ. வழி இணைந்த என் இரு திரைகளும், வேறு வாயிலைக் காட்டும்போதும் தாம் இருப்பதைப் பின்னணிக் கணினிக்குத் தெரிவித்துக்கொண்டே இருப்பதால், சாளரங்கள் வைத்த இடத்திலேயே இருக்கின்றன. டிஸ்ப்ளேபோர்ட் என்ற மற்றொரு வகை வீடியோ இணைப்பு வழி இணைத்தால் பல திரைகள் அவ்வாறு இருப்பதில்லை. உள்ளீடு மாறியவுடனே இணைப்பு அறுந்ததாகக் கணினிக்குக் காட்டி விடும்.

அப்பிளின் அடிப்படை எம்1 சில்லுள்ள மெக்புக் எயார் மடிக்கணினி வைத்திருப்போர், அது ஒரு வெளித்திரையை மட்டுமே நேரடியாக இயக்கும் என்பதை முதலில் அறிந்துகொள்ள வேண்டும். எந்தச் சாதாரண சுவிட்சும் அதை மாற்றாது.

பெட்டி வாங்க எண்ணுவோர் அதற்கு முன் வீட்டிலேயே ஒரு சோதனை செய்து பார்க்கலாம். இரு கணினிகளையும் ஒரே திரையின் இரு வாயில்களில் நேராக இணைத்து, முதற் கணினியில் மூன்று நான்கு சாளரங்களை அந்தத் திரையில் பரப்பி வையுங்கள். திரையின் பட்டியலில் டி.டி.சி./சி.ஐ. இயக்கத்தில் உள்ளதா என்றும் பாருங்கள். பின்னர் உள்ளீட்டை மற்றக் கணினிக்கு மாற்றி, சற்று நேரம் வேலை செய்து விட்டுத் திரும்பி வாருங்கள். சாளரங்கள் இடம் மாறாமல் இருந்தால் ஒரு யு.எஸ்.பி. சுவிட்ச் மட்டும் போதும். கலைந்து போயிருந்தால் ஈ.டி.ஐ.டி. எமுலேஷன் உள்ள கே.வி.எம். பெட்டிக்கே பணத்தைச் செலவிடுங்கள்.