ரோஜாவின் குரோமோசோம்களை எண்ண ஒரு பெட்டி

எங்கள் கல்லூரியின் தாவரவியல் ஆய்வகத்திற்காக, வேர்நுனிக் குரோமோசோம்களை எண்ணுவதற்கான இந்தப் பெட்டியை 1,850 ரூபாய்க்கு வாங்கினேன். வெங்காய வேரில் 16 பெரிய குரோமோசோம்களை எவரும் எண்ணிவிடலாம் என்பதால், அவை மிகச் சிறியனவாக இருக்கும் ரோஜாவிலேயே இதைச் சோதித்தேன்.

ரோஜாப் பேரினத்தின் அடிப்படை எண், அதாவது ஒரு தொகுப்பிலுள்ள குரோமோசோம்களின் எண்ணிக்கை, 7. ரோஸா மல்டிஃபுளோராவுக்கு 14, இன்றைய ஹைபிரிட் டீ என்னும் கலப்பின ரோஜா வகைகளில் பெரும்பாலானவற்றுக்கு 28. மணலில் வேர்விட்ட குச்சிகளின் வெண்ணிற நுனிகளைக் காலையில் வெட்டி, செல் பகுப்பை இடையில் நிறுத்த, பெட்டியிலுள்ள 8-ஹைட்ராக்ஸிகுயினோலின் கரைசலில் நான்கு மணி நேரம் ஊறவைத்தோம். ஆயினும் முதல் பன்னிரண்டு தகடுகளும் மங்கலாகவே வந்தன. குறை, குரோமோசோம்களுக்கு நிறமேற்றும் அசிட்டோகார்மைன் சாயக் குப்பியில்தான் இருந்தது; துருப்பிடித்த ஊசியால் சாயத்தைக் கலக்கிய பிறகே நிறம் ஏறியது. (கார்மைன் நன்றாகப் பற்ற இரும்பு வேண்டும் என்பது பழைய ஆய்வகப் பாடம்.) அதன்பின் மல்டிஃபுளோராவின் 14 தெளிவாகத் தெரிந்தது. ஹைபிரிட் டீயில் ஒன்றன்மேல் ஒன்று படிந்து கிடந்ததால், எண்ணிய பத்துச் செல்களில் ஆறில் மட்டுமே 28 கிடைத்தது.

என் பெரிய மனக்குறை, அட்டையில் அச்சிட்டிருக்கும் ‘சிற்றினத்தைக் கண்டறியுங்கள்’ என்ற வாசகத்தின் மீதுதான். ரோஸா சைனென்சிஸுக்கும் 14 தான். ரோஸா காலிகாவும் ரோஸா டமாசினாவும் 28-ஐப் பகிர்ந்துகொள்கின்றன. எண்ணிக்கையைக் கொண்டு ஒரு செடி இன்ன சிற்றினம் அல்ல என்று விலக்கலாமே தவிர, இன்னதுதான் என்று சாதிக்க இயலாது. 1920-களில் ரோஜாக்களை, ஏழேழு குரோமோசோம்கள் கொண்ட ஐந்து தொகுதிகளாகப் பகுத்த பிரிட்டிஷ் மரபியலாளர் ஹர்ஸ்ட்கூட, ஒவ்வொரு தொகுதிக்கும் உரிய புறப் பண்புகளைச் சேர்த்தே பார்த்தார்.

ரோஸா கனினாவில் இன்னொரு சிக்கல் உண்டு. அதன் வேர்நுனி 35 என்று காட்டும். ஆனால் இனச்செல்கள் உருவாகும் குன்றல் பகுப்பில் 14 மட்டுமே ஏழு இணைகளாகச் சேர, இணையற்ற 21-ம் கருமுட்டையின் பக்கம் போய்விடுவதால், மகரந்தத்தில் 7-ம் முட்டையில் 28-ம் அமைகின்றன. கனினா கூட்டத்தைப் பிரித்தறியும் இந்த அடையாளத்தை இளம் மொட்டின் மகரந்தப் பையில்தான் காண முடியும். அதற்கும் இதே சாயம் போதும் என்றாலும், கையேட்டில் அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

கருவிகளுக்காக ஐந்தில் மூன்று நட்சத்திரம் தருகிறேன். வாங்குவோர் சாயத்தைத் தனியே தயாரித்துக்கொள்வது நல்லது.