பாதியில் கிளம்புகிறவருக்கு எது நல்லது: நோட்டீஸா, ஆள் மாற்றமா?

இங்கிலாந்தில் நான்கு பேர் ஒரே அக்ரிமென்டில் கையெழுத்துப் போட்டு, மாதம் 2,000 பவுண்டு வாடகைக்கு ஒரு வீட்டில் இருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒருவருக்கு வேறு ஊரில் வேலை கிடைத்துவிடுகிறது. அவர் எப்படி வெளியேறுவது?

பழைய முறையில் ஒரு வருட அக்ரிமென்ட் என்றால், இடையில் விலகும் ஷரத்து இல்லாதவரை ஒருவர் மட்டும் கழன்றுகொள்ள முடியாது. கிளம்பினாலும் வாடகைப் பொறுப்பு விடாது. முழு 2,000 பவுண்டையும் நால்வரில் யாரிடம் வேண்டுமானாலும் வீட்டுக்காரர் கேட்கலாம்.

2025-இல் நிறைவேறிய வாடகைதாரர் உரிமைச் சட்டம் இதை மாற்றிவிட்டது. 2026 மே 1 முதல் தனியார் வாடகையில் பெரும்பாலும் காலவரையறை கிடையாது. 2 மாத நோட்டீஸ் கொடுத்துவிட்டுப் போகலாம். ஆனால் கூட்டு அக்ரிமென்டில் ஒருவர் கொடுக்கும் நோட்டீஸ் நான்கு பேரின் குடித்தனத்தையும் முடித்துவிடும். இது புதிய விதி அல்ல. மாதாமாதம் ஓடும் குடித்தனங்களுக்கு, அப்போது நாட்டின் உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபை 1991-லேயே உறுதிசெய்ததுதான். இத்தனை நாள் வருடக் கெடு குறுக்கே நின்றதால் பலருக்கும் அது தெரியவே இல்லை.

தேதிக் கணக்கையும் பார்க்க வேண்டும். வாடகை மாதம் 1-ஆம் தேதி தொடங்குகிறது, நீங்கள் ஜூன் 10 அன்று நோட்டீஸ் கொடுக்கிறீர்கள் என்றால், ஆகஸ்ட் 10-ஆம் தேதியோடு முடியாது. வாடகை மாதம் முடியும்போதுதான் நோட்டீஸும் முடியும். அதாவது ஆகஸ்ட் 31. அதைவிடச் சீக்கிரம் வேண்டுமென்றால் வீட்டுக்காரரோடு மற்ற மூவரும் சம்மதிக்க வேண்டும்.

அடுத்த வழி, உங்கள் இடத்துக்கு ஆள் பார்ப்பது. வீட்டுக்காரர் ஒத்துக்கொண்டால் மற்றவர்களுக்கு வீடு நிலைக்கும், உங்களுக்கும் 2 மாதம் காத்திருக்கத் தேவையில்லை. இந்த மாற்றத்துக்கான கட்டணம், 2019-இல் வந்த சட்டப்படி, பொதுவாக 50 பவுண்டுக்கு மேல் போகக்கூடாது. கூடுதலாகக் கேட்டால் நியாயமான செலவு என்று வீட்டுக்காரர் காட்ட வேண்டும்.

சிக்கல் வருவது டெபாசிட்டில். ஐந்து வார வாடகைதான் உச்சவரம்பு. இந்த வீட்டுக்கு 2,307 பவுண்டு, தலைக்குச் சுமார் 577. நடுவில் கிளம்புகிறவரின் பங்கைப் பெரும்பாலும் வீட்டுக்காரர் பிரித்துத் தரமாட்டார், புதிதாக வருகிறவர்தான் கையில் கொடுப்பார். அப்படியென்றால் உங்கள் காலத்தில் சுவரில் விழுந்த ஓட்டைக்கும் கருகிப்போன கார்ப்பெட்டுக்கும் கடைசியில் அவர் தலையில்தான் கட்டுவார்கள். சாவி கைமாறும் அன்றே அறை அறையாகப் போட்டோ எடுத்து, சேதத்தை எழுதி, இருவரும் கையெழுத்துப் போட்டுவிடுங்கள். வீட்டுக்காரர் டெபாசிட்டைப் பதிந்து வைத்திருக்கும் பாதுகாப்புத் திட்டத்திலும் பெயரை மாற்றச் சொல்லுங்கள்.

மூன்றாவது, நால்வரும் வீட்டுக்காரரும் பேசி முன்கூட்டியே ஒப்படைப்பது. எல்லோரும் கலைகிற நிலையில் மட்டுமே அது பொருந்தும்.

ஸ்காட்லாந்தில் நிலைமை தலைகீழ். 2017 டிசம்பரில் வந்த முறையில் 28 நாள் நோட்டீஸ் போதும். ஆனால் கூட்டாக எடுத்தவர்கள் எல்லோரும் சேர்ந்து கொடுக்க வேண்டும், ஒருவர் மறுத்தால் மாட்டிக்கொள்வது கிளம்ப நினைப்பவர்தான். 2025-இல் அங்கே நிறைவேறிய வீட்டு வசதிச் சட்டம், மற்றவர்களுக்கு 2 மாதம் முன்பே சொல்லிவிட்டு ஒருவரே முடித்துக்கொள்ள வழி செய்திருக்கிறது. கூட இருப்பவர்களுக்கு முன்பே சொல்லியாக வேண்டும் என்ற கட்டாயம் இங்கிலாந்துக்கும் இருந்திருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

அது இல்லாதவரை, ஆள் மாற்றத்தைத்தான் முதலில் முயல வேண்டும். வீட்டில் மிரட்டலோ அடாவடியோ இருந்தால் கதையே வேறு. தயங்காமல் நோட்டீஸ் கொடுங்கள். மற்றபடி, ஏஜென்டுக்கு மெயில் அனுப்பும் முன் கூட இருப்பவர்களிடம் சொல்லிவிடுங்கள். நோட்டீஸ் முடிந்த பிறகு அவர்களுக்கே வீட்டைத் தர வேண்டும் என்று வீட்டுக்காரருக்கு எந்தக் கட்டாயமும் இல்லை. தந்தாலும் புது அக்ரிமென்ட், பெரும்பாலும் கூடுதல் வாடகை. அதைப் பேசி முடிக்க அவர்களுக்கும் அந்த 2 மாதம் முழுசாக வேண்டும்.