சொந்தச் சாகசம் எழுதுவது: பல வருடப் பழக்கத்தில் எது நிலைத்தது, எது உதிர்ந்தது

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்பது மேசையைச் சுற்றி உட்கார்ந்து, கதை சொல்லி, பகடை போட்டு ஆடும் விளையாட்டு. அதன் ஐந்தாம் பதிப்பு 2014-ல் வந்தது. அதைக் கையில் எடுத்த கொஞ்ச நாளிலேயே அச்சில் கிடைக்கும் சாகசங்களை, அதாவது ஆடுவதற்கான கதைத் திட்டங்களை, விட்டுவிட்டு நானே எழுத ஆரம்பித்துவிட்டேன். இன்றுவரை எங்கள் மேசையில் ஓடுவது பெரும்பாலும் நான் எழுதியவைதான். விதிப்புத்தகம் நல்லதா கெட்டதா என்று நிறையப் பேர் எழுதியாயிற்று. நான் சொல்ல வந்தது வேறு. சாகசம் எழுத உதவும் முறைகள் பல சுற்றில் இருக்கின்றன. அவற்றில் நீண்ட நாள் கைகொடுப்பவை எவை, பாதியிலேயே கழன்றுகொள்பவை எவை, எழுத்து முடங்கிப் போகும்போது அதை மறுபடி நகர்த்துவது எது என்பதைத்தான் பகிர்கிறேன்.

புதியவர்களுக்காக ஒரு வரி. ஒருவர் டன்ஜன் மாஸ்டர், சுருக்கமாக டிஎம். உலகம், வில்லன், மான்ஸ்டர், வழிப்போக்கர் எல்லாம் அவர் பொறுப்பு. மற்றவர்கள் ஆளுக்கொரு கதாபாத்திரம். ஒரு முயற்சி பலிக்குமா என்பதை இருபது முகப் பகடை சொல்லும்.

சொந்தமாக எழுதத் தயங்குகிறவர்களிடம் நான் முதலில் சொல்வது இந்த விளையாட்டின் பிறப்பைப் பற்றி. கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் சேர்ந்து 1974-ல் இதை வெளியிடுவதற்கு முன்பே, ஆர்னெசன் தன் நண்பர்களுக்காக பிளாக்மூர் என்ற உலகத்தை உருவாக்கி ஆடிக்கொண்டிருந்தார். கைகாக்ஸ் தன் பங்குக்கு கிரேஹாக் கோட்டையைக் கட்டினார். நண்பர்களுக்காக வரைந்த அந்த நிலவறைகள் முதலில் வந்தன, அச்சுப் புத்தகம் அப்புறம்தான் வந்தது. ஆகவே நம் நோட்டில் கிறுக்கி வைத்திருப்பதை இரண்டாம் தரம் என்று நினைக்க ஒரு காரணமும் இல்லை.

சரி, முறைகளுக்கு வருவோம். பலரும் தொடங்குவது ஐந்து அறை நிலவறையில். ஜான் ஃபோர் என்பவர் பரப்பிய முறை இது. வாசலில் ஒரு காவல், அடுத்து ஒரு புதிர் அல்லது பேசித் தீர்க்க வேண்டிய சிக்கல், மூன்றாவதாக ஒரு பின்னடைவு, நான்காவதாகப் பெரிய மோதல், கடைசியில் பரிசோ புதிய உண்மையோ. ஒரே அமர்வில் முடிய வேண்டிய சாகசத்துக்கு இதைவிட நல்ல சட்டகம் எனக்குக் கிடைக்கவில்லை. நேரம் இல்லாத வாரங்களில் இன்றும் இதைத்தான் நம்புகிறேன். ஆனால் தொடர்ந்து அதே வரிசையில் போட்டால் ஆட்டக்காரர்கள் வாடையைப் பிடித்துவிடுவார்கள். வரிசையை மாற்றலாம், ஓர் அறையை வெளியே காட்டில் வைக்கலாம், இரண்டு அறைகளை ஒன்றாக்கலாம். அப்படியும் பல அமர்வுகளாகத் தொடரும் நீண்ட கதைக்கு, அதாவது கேம்பெயினுக்கு, இது போதாது.

மோதல்களைக் கணக்குப் போடும் முறை அடுத்தது. 2014 விதிகளில் ஒவ்வொரு மான்ஸ்டருக்கும் அனுபவப் புள்ளி உண்டு. அதைக் கூட்டி, எண்ணிக்கைக்கு ஏற்பப் பெருக்கி, குழுவின் வரம்போடு ஒப்பிட வேண்டும். மூன்றாம் லெவலில் (லெவல் என்பது கதாபாத்திரத்தின் வளர்ச்சிப் படி) நான்கு பேர் இருந்தால் எளிது 300, நடுத்தரம் 600, கடினம் 900, ஆபத்து 1600. ஓகர் என்ற ராட்சதன் ஒன்றுக்கு 450 புள்ளி, 600-ஐ எட்டாததால் எளிதான சண்டை. கோப்லின் என்ற குட்டிப் பூதங்கள் எட்டுக்குத் தலா 50 வீதம் மொத்தம் 400 புள்ளி. ஓகரைவிடக் குறைவுதானே என்று தோன்றும். ஆனால் ஏழிலிருந்து பத்து வரை எதிரிகள் இருந்தால் 2.5-ஆல் பெருக்க வேண்டும் என்பது விதி. 1000 வந்துவிடும், சண்டை கடினம் ஆகிவிடும். மேசையில் பார்த்தால் காரணம் உடனே புரியும். ஓகர் ஒரு சுற்றில் ஒரு தரம்தான் தடியை வீசும். கோப்லின்கள் எட்டு அம்பு விடும். அதில் நான்கு அம்பு மந்திரவாதியை நோக்கி வந்தால் அவர் படுத்துவிடுவார்.

2024-ல் வந்த திருத்தப் பதிப்பில் அந்தப் பெருக்கலை எடுத்துவிட்டு, தரங்களை மூன்றாகக் குறைத்துவிட்டார்கள். கணக்கு சுலபமாகியிருக்கிறது, ஒத்துக்கொள்கிறேன். இருந்தாலும் எண்ணிக்கை அதிகமான சண்டைகளுக்கு நான் பழைய பெருக்கலை ஓரத்தில் போட்டுப் பார்த்துக்கொள்கிறேன். என் அனுபவத்தில் கீழ் லெவல்களில் இந்தக் கணக்கு நன்றாகவே உதவும். மேலே போகப் போக மந்திரங்களின் பலம் எல்லாத் தராசையும் சாய்த்துவிடும். பத்தாம் லெவலுக்கு மேல் நான் எண்ணைப் பார்ப்பதைவிட இடத்தைப் பார்க்கிறேன். எதிரிக்குத் தப்பிக்க வழி இருக்கிறதா, உயரத்தில் நிற்கிறானா, நடுவில் நீரோ பள்ளமோ இருக்கிறதா என்பவைதான் சண்டையின் சுவையைத் தீர்மானிக்கின்றன.

எல்லாவற்றிலும் அதிகப் பலன் கொடுத்தது ஜஸ்டின் அலெக்சாண்டரின் மூன்று தடய விதி. ஆட்டக்காரர்கள் எட்ட வேண்டிய ஒவ்வொரு முடிவுக்கும் குறைந்தது மூன்று தடயங்கள் வைக்க வேண்டும், அவ்வளவுதான். இது ஏன் தேவை என்பதைப் பகடையே சொல்லும். கிணற்றுச் சுவரில் ஒரு சுரங்க வாசல், அதைக் கண்டுபிடிக்க 15 வர வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். நான்கு பேருக்கும் பர்செப்ஷன், அதாவது கவனித்துக் காணும் திறன், +2. பகடையில் விழும் எண்ணோடு இதைக் கூட்ட வேண்டும். ஒவ்வொருவரும் 13-க்குக் குறையாமல் போட வேண்டும். இருபது முகத்தில் எட்டு முகம், 40 சதவீத வாய்ப்பு. நால்வரும் தவறவிடும் வாய்ப்பு சுமார் 13 சதவீதம். அதாவது ஏறக்குறைய எட்டு மேசைகளில் ஒன்றில் கதை கிணற்றடியிலேயே நின்றுவிடும். கதையே அந்த வாசலுக்கு அப்பால்தான் இருக்கிறது என்றால் இது மிகப் பெரிய அபாயம். வாசலைப் பற்றி ஊர்க் கிழவிக்கும் தெரியட்டும், திருடனின் சட்டைப் பையில் ஒரு வரைபடமும் இருக்கட்டும். பகடை போட்டு ஜெயித்தவர்களுக்கு வாசலோடு சேர்த்து அதிலுள்ள பொறியும் கண்ணில் படட்டும்.

இப்போது மனம் சோர்ந்துபோகும் இடங்களுக்கு வருகிறேன். எல்லா டிஎம்களும் இவற்றில் ஒன்றையாவது கடந்திருப்பார்கள்.

ஒரு சாகசத்தில் பெரிய அணை ஒன்று வைத்திருந்தேன். அதை உடைக்க ஒரு சூனியக்காரி கிளம்பியிருக்கிறாள். அணைக்கு அடியில் மூழ்கிக் கிடப்பது அவள் பிறந்த ஊர். அதைக் குறிப்பால் உணர்த்த மூன்று தடயங்கள். கணக்குப் பேரேட்டில் சுரண்டி அழித்த பெயர்கள், மீனவர் வலையில் மீனோடு வரும் கதவுத் தாழ்ப்பாள்கள், அவள் முணுமுணுக்கும் தாலாட்டில் வரும் தெருப் பெயர்கள். கடைசி மோதலுக்காக அணையின் மேல் மழை, வழுக்கும் கற்கள், மதகுச் சக்கரம் என்று இரண்டு அமர்வுக்குத் தேவையானதை ஆசை ஆசையாக வரைந்து வைத்திருந்தேன். தாழ்ப்பாளைப் பார்த்த குழுவின் போர்வீராங்கனை, "இவங்க ஊரை மூழ்கடிச்சது யாரு? முதல்ல அவனைப் பிடிப்போம்" என்றாள். மற்றவர்கள் அப்படியே அவள் பின்னால் போனார்கள். அணைச் சண்டை நடக்கவே இல்லை. அவர்கள் சூனியக்காரியோடு உட்கார்ந்து, அணையை உடைக்காமல் மெல்ல வடிக்க என்ன வழி என்று பேசிக்கொண்டிருந்தார்கள்.

அன்று இரவு அந்த வரைபடங்களைப் பார்க்க மனசு கனத்தது. அதே நேரம், இவ்வளவு ஈடுபாட்டோடு அவர்கள் பேசி நான் கேட்டதில்லை என்பதும் நிஜம். அந்த அமர்வுக்குப் பிறகு என் வில்லன் குறிப்புகள் அரைப் பக்கமாகச் சுருங்கிவிட்டன. அவளுக்கு என்ன வேண்டும், யாரும் தடுக்காவிட்டால் அடுத்தடுத்து என்ன செய்வாள், எதை மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டாள். இந்த மூன்றும் தெரிந்தால் குழு எந்தப் பக்கம் திரும்பினாலும் அவளாக நின்று பதில் சொல்ல முடிகிறது. அந்த அணை வரைபடம் வீணாகவில்லை. மதகுச் சக்கரத்தைப் பாலத்தின் இழுவைச் சக்கரமாக்கி, பின்னொரு சாகசத்தில் எல்லைக் கோட்டையாக ஓட்டினேன். யாரும் பார்க்காத அறை இன்னும் புதிய அறைதான்.

'யாரும் தடுக்காவிட்டால்' என்ற பகுதிக்குக் கடிகாரம் போடும் முறை கச்சிதமாகப் பொருந்துகிறது. 2017-ல் வந்த பிளேட்ஸ் இன் தி டார்க் என்ற ஆட்டத்தால் பரவலான உத்தி. ஒரு வட்டத்தை நாலு, ஆறு அல்லது எட்டுத் துண்டாகப் பிரித்து, ஆபத்து நெருங்க நெருங்க ஒவ்வொரு துண்டாகக் கறுப்பாக்க வேண்டும். அணை விரிசலுக்கு ஆறு துண்டு வைத்தேன். எல்லோர் கண்ணிலும் படும்படி மேசை நடுவில் வைத்தால் வேலை செய்கிறது. குழு ஓய்வெடுக்கப் போகும்போது நான் பென்சிலை எடுத்தாலே போதும், பேச்சு நின்றுவிடும். வேறு ஆட்டத்தின் உத்தி என்றாலும் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸில் எந்த உரசலும் இல்லாமல் உட்கார்கிறது.

எழுதவே வராத நாட்கள் தனி வகை. நோட்டைத் திறந்தால் ஒன்றும் தோன்றாது. எனக்கு அப்போது உதவுவது தற்செயல் அட்டவணைகள். இடங்கள் ஒரு பட்டியல், ஆட்கள் ஒரு பட்டியல், இரண்டிலும் பகடை போட்டு வருவதை இணைத்தே ஆக வேண்டும் என்று எனக்கு நானே விதி வைத்துக்கொள்கிறேன். ஒருமுறை கைவிடப்பட்ட கலங்கரை விளக்கமும் கடனைத் திருப்பிக் கேட்பவனும் வந்தார்கள். விளக்குக்காரர் கடல் தேவதையிடம் வெளிச்சத்தைக் கடன் வாங்கியிருக்கிறார், வட்டியாக ஒவ்வொரு வருடமும் ஒரு நிறத்தைக் கொடுக்கிறார் என்று போனது யோசனை. கரையோர ஊரில் யாருக்கும் சிவப்பு தெரியாது, காயத்தில் வழிவது ரத்தமா தண்ணீரா என்று தொட்டுப் பார்த்துத்தான் சொல்வார்கள். காலியாக உட்கார்ந்து யோசித்திருந்தால் இது எனக்குத் தோன்றியிருக்காது.

தொடக்கமும் முடிவும் தெரிந்து நடுவில் சிக்கினால் கேள்விகள் வேறு. இந்த நிலவறையில் இருப்பவை எதைத் தின்கின்றன, தண்ணீர் எங்கிருந்து வருகிறது, எதற்கு எதைக் கண்டு பயம், அந்தப் புதையல் இன்னும் யாருக்கு வேண்டும்? பதில் எழுதும்போதே அறைகள் தாமாக நிரம்புகின்றன. ஆந்தைக்கரடி ஒன்று மூன்றாம் அறையில் காரணமில்லாமல் நிற்பதைவிட, கோப்லின்கள் அதற்குப் பயந்து ஒரு வழியையே அடைத்து வைத்திருப்பது எவ்வளவோ மேல்.

அமர்வு சப்பென்று முடியும் நாட்களும் வரும். எல்லோரும் நன்றி சொல்லிவிட்டுக் கிளம்புவார்கள், எது பிடிக்கவில்லை என்று சொல்ல மாட்டார்கள். அந்த மௌனம்தான் டிஎம்மை வதைக்கும். இதற்கு நாங்கள் கடைப்பிடிப்பது ஸ்டார்ஸ் அண்ட் விஷஸ் என்ற பழக்கம். கலைவதற்கு முன் ஒவ்வொருவரும் பிடித்த ஒன்றையும் இனி வர வேண்டும் என்று விரும்பும் ஒன்றையும் சொல்ல வேண்டும். எனக்கு மோசமாகத் தோன்றிய அமர்வில் இரண்டு பேருக்கு ஒரு பேரம் பேசும் காட்சி ரொம்பப் பிடித்திருந்தது என்று இதன் வழியாகத்தான் தெரிந்தது. அடுத்த அமர்வுக்கான பாதி யோசனையும் அந்த விருப்பங்களிலேயே கிடைத்துவிடும்.

கடைசியாக, கேம்பெயின் பாதியில் நின்றுபோவது. வேலை, இடமாற்றம், குழந்தை என்று ஒவ்வொருவராக விலக, வருடக்கணக்கில் வளர்த்த உலகம் அந்தரத்தில் தொங்கும். எனக்கு மிகவும் வலித்தது இதுதான். முடிந்தால் இன்னும் ஒரே ஒரு முறை கூடி, பகடை இல்லாமல், ஒவ்வொருவரும் தன் கதாபாத்திரம் பிறகு என்ன ஆனது என்று சொல்லட்டும். நாங்கள் அப்படிச் செய்தபோது திருடி வேடம் போட்டவர், தன் பாத்திரம் ஒரு பூட்டுக்கடை வைத்து அனாதைப் பிள்ளைகளுக்குத் தொழில் கற்றுக்கொடுப்பதாகச் சொன்னார். அந்தக் கடையை என் அடுத்த கேம்பெயினின் முதல் காட்சியில் வைத்தேன். சோர்வு ரொம்ப அதிகமானால் டிஎம் நாற்காலியையே கொஞ்ச நாள் வேறொருவருக்குக் கொடுத்துவிட்டு ஒரு கதாபாத்திரமாக உட்காருவதும் நல்ல மருந்து. நான் திரும்பி வந்தபோதெல்லாம் எழுத ஆசையோடுதான் வந்திருக்கிறேன்.

புதிதாகத் தொடங்குகிறவர்கள் காசு செலவழிக்க வேண்டியதில்லை. அடிப்படை விதிகளின் தொகுப்பான எஸ்ஆர்டி 5.1, 2023 ஜனவரியில் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் வந்துவிட்டது. 2024 விதிகளுக்கான 5.2, 2025-ல் வந்தது. ஓகர், கோப்லின், ஆந்தைக்கரடி எல்லாம் 5.1-ல் உண்டு. பிஹோல்டர், மைண்ட் ஃப்ளேயர் போன்ற மான்ஸ்டர்களின் விவரப்பட்டியல் மட்டும் கிடையாது. மூல ஆசிரியர்களைக் குறிப்பிட்டால் போதும், அதை வைத்து எழுதியதை விற்கவும் செய்யலாம். முதல் சாகசத்துக்கு ஐந்து அறை, மூன்று தடயம், ஒரு கடிகாரம், வில்லனுக்கு அரைப் பக்கம் எடுத்துக்கொள்ளுங்கள். உலக வரைபடம், அரச வம்சம், தெய்வங்களின் பட்டியல் எல்லாம் ஆட்டக்காரர்கள் கேட்கும்போது எழுதிக்கொள்ளலாம்.