14 இஞ்ச் கை: சொரியாசிஸோடு 11 வருடம்

சொரியாசிஸுக்காக நான் பயன்படுத்தியவற்றில் அதிக நாள் உடம்பில் இருந்தது களிம்போ மாத்திரையோ இல்லை. ரவிக்கையின் முக்கால் கைதான். 14 இஞ்ச். கும்பகோணத்தில் எனக்குத் தைத்துக் கொடுக்கும் அக்காவின் அளவு நோட்டில், என் பெயருக்கு நேரே 2014-இல் எழுதிய எண். நடுவில் இடுப்பளவு மூன்று தடவை மாறிவிட்டது. கை மட்டும் மாறவில்லை. "மே மாசத்துல கூடவா முக்கால் கை?" என்று ஆரம்பத்தில் கேட்டுப் பார்த்தார். "ஸ்கூல்ல அப்படித்தான் சொல்லியிருக்காங்க அக்கா" என்றேன். அப்படி யாரும் சொல்லவில்லை.

எந்த மருந்து தோலுக்கு எவ்வளவு கேட்டது என்று பலரும் சொல்வார்கள். மனசுக்கு எவ்வளவு கேட்டது என்பதையும் சேர்த்து எழுத வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைப்பு. இரண்டும் ஒன்றில்லை என்பது எனக்கே தாமதமாகத்தான் புரிந்தது.

நோயைப் பற்றிச் சுருக்கமாக: இது தொற்றாது. மேல்தோல் தன்னைப் புதுப்பித்துக்கொள்ளச் சாதாரணமாக ஒரு மாதம் போல ஆகும். நோய் எதிர்ப்பு மண்டலத்தின் குளறுபடியால் அந்த வேலை சில நாட்களிலேயே நடந்து, உதிர நேரமில்லாமல் தோல் அடுக்கடுக்காகச் சேர்வதுதான் அந்த வெள்ளிச் செதில். சித்த மருத்துவத்தில் காளாஞ்சகப்படை என்பார்கள். எனக்கு இரண்டு முழங்கை, தலை, காதுக்குப் பின்புறம், அப்புறம் பாவாடை நாடா இறுக்கும் இடுப்புக் கோடு. நாடா இறுக்கும் இடத்தில் ஏன் என்று கேட்டபோது டாக்டர் கோப்னர் என்ற பெயரைச் சொன்னார். 19-ஆம் நூற்றாண்டு ஜெர்மன் மருத்துவர். கீறலோ உராய்வோ பட்ட இடத்தில் புதுப் படை கிளம்புவதைக் கவனித்து எழுதியவர். அன்றே நாடாவை எடுத்துவிட்டு அகலமான எலாஸ்டிக் போட்டேன். காரணம் தெரிந்தால் மனசு அடங்கிவிடுகிறது. காரணம் தெரியாததுதான் உள்ளே உட்கார்ந்து தின்னும்.

அதற்கு ஓர் உதாரணம். ஏழெட்டு வருடம் முன்பு, உறவில் ஒரு கிரகப்பிரவேசம். பந்தி முடிந்து காபி வந்தது. எல்லோருக்கும் டபரா டம்ளர். எனக்கு மட்டும் காகிதக் கப். டம்ளர் தீர்ந்துபோயிருக்கலாம். எனக்குப் பின்னால் வந்தவர்களுக்கும் காகிதக் கப்பே கொடுத்திருக்கலாம். திரும்பிப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. அந்த வீட்டு அத்தை நல்லவர்தான், போகும்போது கையைப் பிடித்துக்கொண்டு தாம்பூலம் கொடுத்தார். ஆனாலும் அந்தக் கப்பை இன்றுவரை என்னால் கீழே வைக்க முடியவில்லை. முகத்துக்கு நேரே "இது ஒட்டுமா?" என்று கேட்டவர்கள் எத்தனையோ பேர். அவர்களையெல்லாம் மறந்துவிட்டேன்.

நான் ஏழு, எட்டாம் வகுப்புகளுக்குக் கணக்கு எடுக்கிறேன். கணக்கு டீச்சராக இருப்பதில் ஒரு வசதி உண்டு: தோளில் வெள்ளையாக எது கிடந்தாலும் அது சாக்பீஸ் தூள். தலையிலிருந்து உதிர்ந்த செதிலுக்குப் பல வருடம் அந்தத் தூள்தான் எனக்காகப் பொய்ச்சாட்சி சொன்னது. மற்ற டீச்சர்கள் புடவையைத் தட்டிவிட்டு வகுப்பிலிருந்து வருவார்கள். நான் மணி அடித்ததும் டஸ்டரை வேண்டுமென்றே இரண்டு தட்டுத் தட்டிவிட்டுத்தான் வெளியே வருவேன்.

2022 ஜூனில் பள்ளி திறந்தபோது எங்கள் வகுப்புகளுக்கு ஸ்மார்ட் போர்டு வந்தது. ஸ்டாஃப் ரூமில் எல்லோருக்கும் அதை எப்படி இயக்குவது என்ற கவலை. எனக்கு வேறு கவலை. இரண்டாவது வாரமே, முதல் பெஞ்ச் பையன் ஒருவன், நல்ல மனசோடுதான், "மிஸ், தோள்ல சாக்பீஸ்" என்றான். "சரிடா" என்று தட்டிவிட்டேன். வகுப்பில் சாக்பீஸே இல்லை. அவனுக்கு அது தோன்றவில்லை. பின்னால் இருந்த ஒரு பெண்ணுக்குத் தோன்றியது. போர்டைப் பார்த்தாள், என் தோளைப் பார்த்தாள், நோட்டுக்குள் குனிந்துகொண்டாள். அவள் குனிந்ததை எத்தனை ராத்திரி திரும்பத் திரும்பப் பார்த்தேன் என்று கணக்கே இல்லை.

சரி, மருந்துகளுக்கு வருகிறேன்.

முதல் இரண்டு வருடம் ஸ்டீராய்டு களிம்பு. தடவினால் பத்தே நாளில் அடங்கும், அந்த வேகம்தான் ஆபத்து. டாக்டர் சொன்ன காலம் முடிந்த பிறகும் மருந்துக்கடையில் நானே கேட்டு வாங்கித் தடவினேன். தோல் மெலிந்து காகிதம் மாதிரி ஆனது. பயந்து திடீரென்று நிறுத்தியதும் முன்பைவிட மோசமாகக் கிளம்பியது. மனசுக்கு? நம்பிக்கை கொடுத்துப் பறிக்கிற எதுவும் மனசுக்கு நல்லதில்லை.

வெட்பாலைத் தைலம் எனக்குப் பிடித்தது. இலையைத் தேங்காய் எண்ணெயில் போட்டு வெயிலில் வைத்தால் சில நாளில் ஊதா நிறம் இறங்கும். அதைப் பார்ப்பதே அழகு. வறட்சியும் அரிப்பும் எனக்குக் குறைந்தன, படை முழுசாகப் போகவில்லை. தலையணை உறைகள் எல்லாம் ஊதா. இதே காலத்தில் கத்திரிக்காய், கருவாடு, நிலக்கடலை எல்லாவற்றையும், அரிப்பைக் கிளப்பும் கரப்பான் பண்டம் என்று விட்டேன். நான்கு வருடம் எண்ணெய்க் கத்திரிக்காய் இல்லாமல் இருந்தேன். என் முழங்கைக்கும் கத்திரிக்காய்க்கும் எந்தச் சம்பந்தமும் இருந்ததாகத் தெரியவில்லை. அந்த நான்கு வருடத்தை யாரிடம் கேட்பது?

2017-இல் ஒளி சிகிச்சை. 311 நானோமீட்டர் அலைநீளப் புறஊதாக் கதிர். ஆளுயரத்துக்கு டியூப்லைட் மாதிரி விளக்குகள் நிற்கும் பெட்டிக்குள் கண்ணுக்குக் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு நிற்க வேண்டும். முதலில் சில நொடிகள், போகப்போக நிமிடங்கள். வாரம் மூன்று நாள், தஞ்சாவூர் வரை பஸ். நல்ல பலன் தெரிந்தது. வீட்டில் இருட்டில்தான் உடை மாற்றுவேன். அந்தப் பெட்டிக்குள் அவ்வளவு வெளிச்சத்தில் நின்றது ஏனோ நிம்மதியாக இருந்தது. பாதி நாள் பெர்மிஷன் போட்டு எத்தனை மாதம் போக முடியும்? மூன்றரை மாதத்தில் நின்றுபோனது.

அடுத்த வருடம் ஒரு டாக்டர் கையில் ஒரு தாளைக் கொடுத்தார். தோல் நோய் அன்றாட வாழ்க்கையை எவ்வளவு பாதிக்கிறது என்று அளக்கும் பத்துக் கேள்விகள்; வேல்ஸில் உள்ள கார்டிஃபில் உருவாகி 1994-இல் வெளிவந்தது. கடந்த ஒரு வாரத்தை நினைத்துப் பதில் சொல்ல வேண்டும். கேள்விக்கு அதிகபட்சம் 3, மொத்தம் 30. பத்தைத் தாண்டினால் பாதிப்பு கடுமை என்று பொருள். எனக்கு 9 வந்தது. கணக்கு டீச்சர் இல்லையா, பாஸ் ஆனது போல ஒரு சந்தோஷம்.

டாக்டர் தாளைப் பார்த்துவிட்டு, "வெளிய போறதுல, பழகுறதுல ஒண்ணும் பிரச்சினை இல்லையாம்மா?" என்றார்.

"இல்ல டாக்டர். நான்தான் எங்கயும் போறதே இல்லையே."

பேனாவைக் கீழே வைத்தார். "போறத நிறுத்துனதே இதனாலதான்னா, அது சைபர் இல்லம்மா, மூணு."

விளையாட்டு பற்றிய கேள்விக்கு 'பொருந்தாது' என்று குறித்திருந்தேன், அதற்கு 0. தாம்பத்தியம் பற்றிய ஒன்பதாம் கேள்வியைக் காலியாக விட்டிருந்தேன், அதற்கும் 0. மறுபடி உட்கார்ந்து, விட்டுப்போனவற்றையெல்லாம் நேர்மையாகக் குறித்தபோது 17 வந்தது. அந்தத் தாள் மேல் எனக்கு இன்னும் ஒரு குறை உண்டு. வாழ்க்கையைச் சுருக்கிக்கொண்டவர்களுக்கு அது நல்ல மார்க் போட்டுவிடுகிறது. யாராவது உங்கள் கையில் கொடுத்தால், 'பொருந்தாது' என்று டிக் அடிக்கும் முன் எப்போதிலிருந்து பொருந்தாமல் போனது என்று யோசித்துப் பாருங்கள்.

அந்த 17-ஐ வைத்துத்தான் 2019-இல் மெத்தோட்ரெக்சேட் ஆரம்பித்தார். வாரத்தில் ஒரே ஒரு நாள் போடும் மாத்திரை. தவறித் தினமும் போட்டால் உயிருக்கே ஆபத்து. அட்டையின் மேல் ஸ்கெட்ச் பேனாவால் 'சனி' என்று எழுதி வைத்தேன், மறுநாள் குமட்டலோடு படுத்துக் கிடக்க ஞாயிறு இருக்கிறதே. கூடவே ஃபோலிக் ஆசிட், குறிப்பிட்ட இடைவெளியில் ரத்த எண்ணிக்கையும் கல்லீரல் பரிசோதனையும். கர்ப்பத்துக்கு இது ஆகவே ஆகாது என்பதால் முதலில் அதைத்தான் கேட்டார். எங்களுக்கு இரண்டு பிள்ளைகளோடு போதும் என்றாகிவிட்டிருந்தது. நான்கு மாதத்தில் முழங்கை சமமானது. தலையில் மட்டும் முழுசாக விடவில்லை.

இதைத்தான் முக்கியமாகச் சொல்ல வந்தேன். முழங்கை சுத்தமான பிறகும் நான் 14 இஞ்ச் கையைக் குறைக்கவில்லை. பஸ்ஸில் ஜன்னல் பக்கம் கை மறையும்படி உட்காருவதை விடவில்லை. விடியற்காலையில் எல்லோரும் எழும் முன் போர்வையை உதறுவதையும் விடவில்லை. உதறினால் ஒன்றுமே விழாது, ஆனாலும் உதறுவேன். கைக்குழந்தையை யாராவது நீட்டினால் முதலில் அவர்கள் கண்ணைப் பார்ப்பேன். தோல் குணமான செய்தி மனசுக்குப் போய்ச் சேரவே இல்லை. அதே தாளை மறுபடி நிரப்பியபோது மொத்தம் 7, ஆனால் 'உடை தேர்வை பாதிக்கிறதா?' என்ற கேள்விக்கு மட்டும் முழுசாக 3.

கொரோனா வந்து பள்ளி மூடியது. சொல்லக் கூச்சமாக இருக்கிறது, எனக்கு அது நல்ல காலம். ஆன்லைன் வகுப்பில் கழுத்துக்கு மேல் தெரிந்தால் போதும். 2021-இல் டாக்டர் மாத்திரையைக் குறைத்து நிறுத்தினார். மறுபடி முழங்கையில் நாலணா அளவுக்கு வந்தது, இன்றும் இருக்கிறது. அடுத்த ஜூனில்தான் அந்த ஸ்மார்ட் போர்டு.

2023-இல் ஒரு ராத்திரி, தூக்கம் வராமல், 14416-ஐக் கூப்பிட்டேன். டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண், தமிழிலேயே பேசினார்கள். தோல் வியாதிக்கு ஏன் இங்கே கூப்பிட்டீர்கள் என்று கேட்டுவிடுவார்களோ என்றுதான் பயம். கேட்கவில்லை. சொரியாசிஸ் உள்ளவர்களுக்கு மனச்சோர்வும் பதற்றமும் வருவது சகஜம், பதற்றம் ஏறினால் படையும் ஏறும் என்று அவர்களே சொன்னார்கள். ஒன்பது வருடத்தில் இந்த இரண்டாவது பாதியை எனக்கு யாரும் சொன்னதில்லை. ஓர் உளவியலாளரை நேரில் பார்க்கச் சொன்னார்கள்.

அவர் கொடுத்தது வீட்டுப்பாடம். குட்டைக் கை ரவிக்கையோடு தெருமுனைக் கடைவரை போய்வர வேண்டும். போகும் முன் என்ன நடக்கும் என்று நினைக்கிறேன், போய் வந்தபின் என்ன நடந்தது, இரண்டையும் நோட்டில் ஒரே தாளில் அருகருகே எழுத வேண்டும். முதல் நாள் இடது பக்கம்: 'கடைக்காரர் கையைப் பார்த்து முகம் சுளிப்பார்.' வலது பக்கம்: 'சில்லறை இல்லை என்று இரண்டு சாக்லேட் கொடுத்தார்.' இப்படி 19 நாள். ஒரே ஒருவர்தான் கேட்டார், பால் வாங்க வந்த ஒரு பாட்டி. "என்னடி இது, படையா? குப்பைமேனிய அரைச்சுப் போடு." "போட்டுப் பாத்துட்டேன் பாட்டி, கேக்கல" என்றேன். "அப்ப விடு" என்று சொல்லிவிட்டுப் பாலை வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

மருந்து எதையும் குறைத்துச் சொல்லவில்லை. தோலுக்கு மாத்திரையும் ஒளி சிகிச்சையும்தான் எனக்குக் கேட்டன. தோல் டாக்டரை விட்டுவிட்டு மனசை மட்டும் சரிசெய்யக் கிளம்பாதீர்கள், மூட்டு வலி இருந்தால் அதையும் அவரிடம் சொல்லுங்கள். ஆனால் 20 பக்க நோட்டு ஒன்று செய்ததை எந்தக் களிம்பும் எனக்குச் செய்யவில்லை. அதுவும் தினமும் வேலை செய்வதில்லை. போன மாதம் ஒரு வளைகாப்பில் மறுபடி முந்தானையை இழுத்து முழங்கையை மூடிக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தேன்.

இந்தத் தீபாவளிக்கு ரவிக்கைத் துணியைக் கொடுக்கப் போனபோது, அக்கா நோட்டைப் புரட்டி, "கை அதே 14 தானே?" என்றார்.

"10 வைங்க அக்கா."

நிமிர்ந்து பார்த்தார். ஸ்கூலில் ரூல் மாறிவிட்டதா என்று கேட்கவில்லை. பழைய எண்ணை அடித்துவிட்டுப் பக்கத்தில் 10 என்று எழுதினார்.

"உள்ள ரெண்டு இஞ்ச் துணி விட்டுத் தைக்கவா, வெட்டிடவா?"

கொஞ்ச நேரம் யோசித்தேன். "விட்டே தைங்க" என்றேன்.